ஈயப் பெட்டியில் ஒரு கவர்

மார்ச் 4, திங்கள், காலை 11.20

ஏழாம் அறையில் இருப்பவருக்கு,

வணக்கம். நீங்கள் மாத்திரையை விழுங்கி ஐம்பது நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் இன்டர்காமில் மூன்று முறை கூப்பிட்டுவிட்டீர்கள். அதில் பேசுவது நர்ஸ் மேசை முழுக்கக் கேட்கும். "ஏன்டி, இந்த ஜன்னலைத் திறக்கவே மாட்டீங்களா?" என்று நீங்கள் கத்தியதும் மூன்று நர்ஸ்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு வருடமாக இந்த மருத்துவமனையில் யாரும் என்னை டி போட்டதில்லை. ஆகவே இனிச் சொல்ல வேண்டியதை எழுதுங்கள். தாளும் பேனாவும் சாப்பாட்டுடன் வரும். எழுதியதை மடித்து வாசல் தட்டில் வைத்தால், கதிர்வீச்சு மீட்டரைக் காட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன்.

காலையில் டாக்டர் சொன்னது உங்கள் காதில் ஏறவில்லை என்று தெரிகிறது. தைராய்டை அறுத்து எடுத்த பிறகும் கழுத்தில் புற்று ஏதாவது மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை அழிக்கத்தான் கதிர்வீசும் அயோடின். இப்போது அது உங்களுக்குள் இருக்கிறது. வியர்வை, எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் வெளியே வரும். தண்ணீரை நிறையக் குடியுங்கள். கழிவறையில் உட்கார்ந்தே போங்கள். இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். புளிப்பு மிட்டாய் கொடுத்திருப்பது எச்சில் நன்றாக ஊறுவதற்கு. தலையணைக்கு அடியில் சேர்த்து வைப்பதற்கு அல்ல. தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி வராதீர்கள்.

அளவெடுக்க வேறு ஆளை அனுப்பச் சொன்னீர்களாம். இங்கே இயற்பியலர் நான் ஒருத்திதான். எனக்கும் இது ஒன்றும் ஆசை இல்லை.

இப்படிக்கு,
மருத்துவ இயற்பியலர்,
அணு மருத்துவப் பிரிவு


மார்ச் 4, மாலை

மீட்டரம்மாவுக்கு,

நர்ஸ்கள் உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிற்றே!

பதினான்கு மாதம் கழித்துப் பெண்டாட்டியிடமிருந்து ஒரு கடிதம். அதிலும் பாதி கக்கூஸைப் பற்றி. பரம சந்தோஷம்.

தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு குடமாகிவிட்டது. மிட்டாயைச் சப்பி நாக்கு மரத்துவிட்டது. கட்டில், நாற்காலி, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. திரும்பிப் படுத்தால்கூட மொறமொறவென்று சத்தம். மாலையில் வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாய், கருவியை நீட்டினாய், "இருநூத்திப் பத்து" என்றாய், போய்விட்டாய். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் முள் உடைந்துவிடுமா?

வாலு எப்படி இருக்கிறாள்? அப்பன் எங்கே என்று அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

இன்னொன்று. ஆபீஸில் எனக்குத் தலைமைக் குமாஸ்தா பதவி தருகிறார்கள். வேறு கிளை, ரயிலில் ஒரு முழு நாள் பயணம். போகிறேனா இல்லையா என்று ஏப்ரல் பதினைந்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உன் காதில் போட்டு வைக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

இப்படிக்கு,
இருநூற்றுப் பத்து


மார்ச் 5, செவ்வாய்

இருநூற்றுப் பத்துக்கு,

இன்று காலை தொண்ணூற்றாறு. பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

துப்புரவு அம்மாவுக்குப் படித்த பேப்பரைக் கொடுக்கக் கோட்டைத் தாண்டி வந்தீர்களாமே. அவர் மாதம் முழுக்க இந்த அறைகளைத்தான் சுத்தம் செய்கிறார். உங்களுக்கு இது மூன்று நாள் கூத்து, அவருக்குப் பிழைப்பு. உள்ளே போன எதுவும் என்னைக் கேட்காமல் வெளியே வரக்கூடாது. எத்தனை முறை சொல்வது?

இடமாற்றம் உங்கள் விருப்பம். குழந்தையை எந்த லீவுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவித்தால் போதும்.

அவள் நன்றாக இருக்கிறாள். "எங்கப்பா இருட்டுல பச்சையா மின்னுவாரு" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். மின்ன மாட்டார் என்று மூன்று முறை படம் போட்டு விளக்கிவிட்டேன். கேட்பதாக இல்லை. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மருத்துவ இயற்பியலர்


மார்ச் 5, மாலை

தொண்ணூற்றாறு எழுதுவது.

உங்கள் விருப்பம் என்று நீ சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கல்யாணமான மறு மாதமே அது எனக்குப் பாடம்.

மருந்தை அளக்கும் கருவியில் தினமும் காலையில் முதலில் கதிர்வீசும் அதே பழைய சோதனை வில்லையைத்தான் வைத்துப் பார்ப்பாய், நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால்தான் கருவியை நம்புவாய் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். என்னையும் அப்படித்தானே வைத்திருந்தாய்? பத்து வருடம் ஒழுங்காக முள் காட்டினேன். ஒரு நாள் தவறியது. ஒரே நாள். கடைசி நேரத்தில் ஆபீஸில் தபால் வந்து குவிந்துவிட்டது, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போகவில்லை. அன்றைக்கு நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். தட்டை விட்டெறிந்திருந்தாலும் பொறுக்கியிருப்பேன். நீயோ சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்தாய். சம்பவ அறிக்கை! மணி, நிமிடம், காரணம், பொறுப்பு. கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. புருஷனிடம் யாராவது கையெழுத்துக் கேட்பார்களா? அதனால்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். இதை உன் கோப்பில் போட்டு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாதவன்


மார்ச் 6, புதன்

கையெழுத்துப் போடாதவருக்கு,

முப்பத்தெட்டு.

எழுபது நிமிடம். மூன்றரையிலிருந்து நாலு நாற்பது வரை, ஏழு வயதுக் குழந்தை பள்ளி வாசலில் ஒற்றையாக நின்றாள். காவலாளி எனக்குப் போன் செய்தபோது ஒரு நோயாளிக்கு ஊசிமருந்தை அளந்துகொண்டிருந்தேன். பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது. அளந்து, எழுதி, ஊசி போடுகிறவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஓடினேன். அதற்குள் பதினோரு நிமிடம் போய்விட்டது. அந்தப் பதினோரு நிமிடமும் இன்றுவரை என் கணக்கில் இருக்கிறது.

நீங்கள் சாவகாசமாக வந்து, "அதான் ஒண்ணும் ஆகலையே" என்றீர்கள். எங்கள் வேலையில் ஒன்றும் ஆகாதபோதுதான் எழுதி வைப்போம். ஆன பிறகு எழுதி யாருக்கு என்ன லாபம்? உங்களை அவமானப்படுத்த அந்தத் தாளை வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த மொழி அதுதான். தப்பு என்னுடையது என்று ஒரே ஒரு வரி கேட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

நாளைக்கு முப்பதுக்குக் கீழே வந்துவிட்டால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். உங்கள் அக்கா வீட்டுக்கு.

இப்படிக்கு,
மருத்துவ இயற்பியலர்


மார்ச் 7, வியாழன்

ஐயா,

பத்தொன்பது. உங்களை அனுப்பும் தாளில் காலையில் கையெழுத்திட்டேன். குழந்தையைப் பதினைந்து நாளைக்குப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம். தனித் தட்டு, தனித் துண்டு. அடுத்த செவ்வாய் ஸ்கேனுக்கு வாருங்கள்.

இனி என் தலைவலிக்கு வருகிறேன். நேற்று மாலை நர்ஸிடம் கவர் கேட்டு வாங்கினீர்களாம். இன்று காலை அது தட்டில் இருந்தது, என் பெயரெழுதி, ஒட்டி. மீட்டரைக் கிட்டே கொண்டுபோனதும் அலறித் தீர்த்துவிட்டது. தாளில் அவ்வளவு இல்லை, மடிப்பு ஓரத்தில்தான். நாக்கால் ஒட்டினீர்களா? எச்சிலில் அயோடின் வரும் என்று முதல் நாளே எழுதினேனே! மற்ற கடிதங்களைச் சும்மா மடித்துத்தானே வைத்தீர்கள்? இதற்கு மட்டும் என்ன வந்தது?

அறையிலிருந்து வரும் பொருள் அளவுக்கு மேல் காட்டினால் என்ன விதியோ அதைச் செய்துவிட்டேன். அடித்தள அறையில் ஈயப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியாயிற்று, உங்கள் தலையணை உறைக்குப் பக்கத்தில். எட்டு நாளைக்கு ஒருமுறை அதன் கதிர்வீச்சு பாதியாகும். பத்து முறை பாதியானால்தான் வெளியே எடுக்கலாம், அதற்கு எண்பது நாள். மே 26 அன்று படிக்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவ இயற்பியலர்


மார்ச் 14, அக்கா வீடு

மீட்டரம்மா,

தபால் பிரிவில் இருபது வருடம் கவர் ஒட்டிய நாக்கு இது. பழக்கதோஷம். மற்றதையெல்லாம் நர்ஸ் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. அதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று ஒட்டினேன்.

எண்பது நாளா? ஏப்ரல் பதினைந்து எப்போது வருகிறது என்று உன் கால்குலேட்டரில் போட்டுப் பார்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா


மார்ச் 20

வாலுவின் அப்பாவுக்கு,

12ஆம் தேதி எடுத்த ஸ்கேனில் கழுத்தில் ஒரு துளி மிச்சம் தவிர வேறெங்கும் எதுவும் இல்லை. அந்தத் துளியையும் இந்த மருந்தே பார்த்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். இத்துடன் நகல்.

கவரில் என்ன எழுதினீர்கள் என்று இன்னொரு தாளில் எழுதி அனுப்பினால் முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை பிகு? பசை போட்டு ஒட்டுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 3

வாலுவின் அம்மாவுக்கு,

முடியாது. அதை ஒருமுறை எழுதவே எனக்கு ஓர் இரவும் மூன்று தாளும் ஆனது. இன்னொரு முறை எழுத நான் என்ன நகல் இயந்திரமா?

நேற்று மாத்திரைச் சீட்டு வாங்க வந்தபோது மூத்த நர்ஸிடம் பேசினேன். "கையுறை போட்டு ஓரத்தை வெட்டிப் போட்டுட்டு, உள்ள இருக்கற தாளை எடுத்துப் படிக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா சார்? மேடத்துக்குத் தெரியாததா?" என்றார்கள். ஆகவே தெரிந்தேதான் பூட்டி வைத்திருக்கிறாய்.

உன் பெட்டி, உன் சாவி. மே மாதம் சாவகாசமாகப் படி. அப்போது அதை எழுதியவன் வேறு ஊரில் இருப்பான். பதினைந்தாம் தேதி காலையில் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். இனி நான் எழுதுவதாக இல்லை.

வாலுவை நன்றாகப் பார்த்துக்கொள்.


ஏப்ரல் 11, வியாழன்

என்னங்க,

இன்று முப்பத்தைந்தாம் நாள். வேலை முடிந்ததும் அடித்தள அறைக்குப் போனேன். பதிவேட்டில் தேதி போட்டு, எடுக்கும் காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதினேன். பதினோரு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் யாரும் அப்படி எழுதியதில்லை. கையுறை, கத்தரிக்கோல், இரண்டு நிமிடம். மூத்த நர்ஸ் சொன்னது சரி.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே திருப்பி எழுதுகிறேன், நான் படித்துவிட்டேன் என்று தெரிய வேண்டும்.

"நீ வந்து அளவெடுக்கும்போதெல்லாம் கருவியைப் பார்க்காமல் உன்னைத்தான் பார்த்தேன். எண் குறையும்போது உன் தோள் கொஞ்சம் இறங்குகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று நீ கேட்பது அப்படித்தான் என்று இன்றுதான் புரிந்தது. அன்று தபால் ஒன்றும் குவியவில்லை. ஆபீஸில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். ஜெயித்துக்கொண்டிருந்தேன், மணியைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் பொய் சொன்னேன். பொய்க்குக் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவது? அதனால்தான் ஓடினேன். குழந்தையை எழுபது நிமிடம் நிற்க வைத்தது நான். தப்பு என்னுடையது. ஊருக்குப் போவதா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். இருங்கள் என்று ஒரு சொல் போதும்."

கீழே முழுப் பெயரில் கையெழுத்து, தேதி, நேரம். கோடுகூட நீங்களே போட்டிருக்கிறீர்கள், கோணலாக.

கேரமா? எழுபது நிமிடம் கேரமா? நேரில் வாருங்கள், அதற்குத் தனியாக இருக்கிறது. பதினைந்து மாதமாக நான் திட்டாத திட்டெல்லாம் சேர்ந்து கிடக்கிறது.

அன்று ஸ்கேன் திரையில் கழுத்துக்குக் கீழே எதுவும் ஒளிரவில்லை என்று பார்த்ததும், கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்க இரண்டு முறை தண்ணீர் விட்டேன். உங்களுக்கு எழுதும்போது மட்டும் "இத்துடன் நகல்" என்று எழுதினேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டு நம்பியிருக்க மாட்டேன். நாளை காலை பள்ளிக்குப் போகும் வழியில், நானும் வாலுவும் உங்கள் ஆபீஸ் வாசல் பெட்டியிலேயே போடுகிறோம். அதைத் திறப்பது நீங்கள்தானே. கூடவே ஒரு தாள் இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

சம்பவ அறிக்கை
நடந்தது: எனக்கு வந்த கவர் ஒன்றைப் படிக்காமல் பூட்டி வைத்தேன்.
காலம்: மார்ச் 7 முதல் ஏப்ரல் 11 வரை, முப்பத்தைந்து நாள்.
சொன்ன காரணம்: விதி.
உண்மைக் காரணம்: பயம். உள்ளே நம் கல்யாணம் முறிந்தது என்று எழுதியிருந்தால், எண்பது நாளாவது அது தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்தேன்.
தப்பு: என்னுடையது.
திருத்த நடவடிக்கை: இருங்கள்.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மீட்டரம்மா

பி.கு.: கவரை நாக்கால்தான் ஒட்டினேன். பசைப் புட்டி பக்கத்திலேயே இருந்தது.