இரண்டு றாத்தல் கனம்

14 பெப்ரவரி 1989, செவ்வாய்
மூத்தவன் குகன் வேலைக்கு ஆறரைக்குப் போனான். மூன்றரைக்கு வந்தான். மழை.

19 பெப்ரவரி, ஞாயிறு
துஷிக்குக் கப். பிஸ்டல் கிளப்பில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வைத்த போட்டி. எட்டுப் பேர், அதில் ஏழு பேர் வெள்ளைக்காரப் பெடியன்கள். நூறுக்குத் தொண்ணூற்றிரண்டு எடுத்தது என் பேத்தி ஒருத்திதான். கப்பை ரீ.வி.க்கு மேலே வைத்திருக்கிறோம். இரண்டு தரம் துடைத்தேன்.

சிநேகிதி இம்மாகுலேற்றுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன்.
"என்னடியப்பா, பெட்டைப் பிள்ளைக்குத் துவக்கே? நாளைக்குப் பொம்பிளை பாக்க வாறவன் சுவரேறி ஓடப்போறான்."
"ஓடுறவன் ஓடட்டும். மிஞ்சி நிக்கிறவனைப் பாப்பம்" என்றேன்.
அவள் சிரித்தாள். நானும் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டேன்.

24 பெப்ரவரி
துஷி அளவு சொல்லித் தந்தாள். அவள் சுடுவது தகப்பனின் இருபத்திரண்டு. அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் இருபத்திரண்டு பங்கு. தசமம் படிப்பிக்க முதலே, ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். ஆனால் அங்குலம் எனக்குத் தெரியும். ஊருக்கே சட்டை தைத்தவள் நான்.

அட்டையில் இருபத்திரண்டு போட்ட ஓட்டை ஒரு பயறு அளவு. ஓரம் பிய்ந்து இருக்கும். முப்பத்தெட்டின் ஓட்டை ஒரு கடலை அளவு. ஓரம் மெசினால் குத்தி எடுத்த மாதிரி வெட்டாக இருக்கும். ஒன்பது மில்லிமீற்றர் என்பதும் கிட்டத்தட்ட அதே கடலைதானாம், பெயர்தான் வேறு.

"ஆக்களில பட்டால்?" என்று கேட்டேன்.
"அப்பம்மா! இது விளையாட்டு. ஆக்களுக்கில்லை."
சரி.

4 மார்ச், சனி
குகன் ஆறரைக்குப் போனான்.
மூன்றரை. நாலரை. ஐந்தரை.
ஆறே காலுக்கு வந்தான். புருவத்துக்கு மேலே ஐந்து தையல். அவன் காசு வாங்க நிற்கிற பெற்றோல் செட்டுக்குள் இரண்டு பேர் வந்து போத்தலால் அடித்திருக்கிறார்கள். காசு எடுக்கவில்லை. பாக்கிஸ்தானுக்குத் திரும்பிப் போ என்று கத்தினார்களாம்.
"யாழ்ப்பாணத்துக்கெண்டால் போயிருப்பன். நான் பாக்கிஸ்தானைக் கண்டனானே" என்று சிரித்தான். சிரிக்கத் தையல் இழுத்தது.
மருமகள் தவநாயகி அழுதாள். எனக்கு வரவில்லை. பாலேந்திராவுக்குப் பிறகு எனக்கு அழுகை வருவதில்லை. தையலை எண்ணினேன். ஐந்துதான்.

9 மார்ச்
சாப்பிடும்போது கோப்பையைப் பார்த்தபடி குகன் சொன்னான்: "தம்பியிட்டைத் துவக்கு ஒண்டு இருந்திருந்தால் அவன் இண்டைக்கும் இருந்திருப்பான்."
அவனுக்கு இன்னொரு கரண்டி சொதி விட்டேன்.
பாலேந்திரா என் இளையவன். 86 புரட்டாசியில் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். ஆரென்று எழுதமாட்டேன்.

16 ஏப்ரல், ஞாயிறு
பஸ்தியாம்பிள்ளை வந்தார். கொழும்பில் பொலிஸ் சார்ஜன்ற் ஆக இருந்தவர். குகனைக் கிளப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான். தேத்தண்ணியும் றோல்சும் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலம் அளவு பற்றியே கதை.

"கடதாசிக்கு இருபத்திரண்டுதான் அண்ணை" என்றான் குகன். "உதைக்காது, கையும் ஆடாது. ஆனால் கடதாசி போத்தலோட வராதே."
"அப்ப என்ன வேணும் உனக்கு? பீரங்கியே?"
"முப்பத்தெட்டு. இல்லாட்டி ஒன்பது."
"ஒன்பது, ஆளுக்குள்ளால போய் அங்கால சுவருக்குள்ளாலயும் போகும். பக்கத்து வீட்டுக் கிழவி கட்டிலில இருந்து விழுவா. நாற்பத்தைஞ்சு எண்டால் உன்ர கைமொளி கழண்டிடும். முப்பத்தெட்டு நல்ல சாமான்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. முப்பது வருசம் இடுப்பில கட்டியிருந்தனான்."
"பிறகென்ன?"
"ஒரு நாளும் எடுக்கேல்லை. ஒருக்கால் எடுத்திருக்க வேணும். எடுக்க நேரம் இருக்கேல்லை. வாறவன் சொல்லிப்போட்டே வருவான்? பார், இது தான் அடையாளம்." காற்சட்டையைத் தூக்கிக் காலில் ரவை பட்ட தழும்பைக் காட்டினார்.
"அது உங்களுக்கு, அண்ணை. உங்களுக்கு அப்பவே வண்டியும் தொந்தியும்" என்றான் குகன். இருவரும் சிரித்தார்கள்.

எடுக்க நேரம் இருக்காது. கோப்பைகளைக் கழுவும்போது அதையே நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தண்ணீர் வழிந்து கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

11 ஜூன், ஞாயிறு
கிளப்பில் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வரும் நாள். நீளமான நிலவறை, எண்ணெய் மணம், காதுக்கு மூடி. துஷி சுடும்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன். என் பேத்தி என்று சொல்ல எனக்கு இங்கிலிஷ் தேவைப்படவில்லை.

பிறகு பஸ்தியாம்பிள்ளை ரவை போடாத இரண்டு துவக்கை என் கையில் தந்தார். இருபத்திரண்டு ஒன்றும் பெரிதில்லை. மற்றது முப்பத்தெட்டு, றிவோல்வர். வாங்கினவுடன் என் கை தானாகக் கீழே இருந்து தாங்கியது.
"அக்கா பிடிக்கிற பிடியைப் பாருங்கோவன்! பழக்கப்பட்ட கை!" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
இரண்டு றாத்தல் இருக்கும். அதே கனம்.

12 ஜூன்
குகன் ஆறரைக்குப் போனான். மூன்றரைக்கு வந்தான்.

3 செப்ரெம்பர், ஞாயிறு
குகன் முப்பத்தெட்டுக்கு விண்ணப்பம் நிரப்பினான். பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் கொடுப்பார்களாம். மேசையில் எங்கள் மூன்று பேரையும் இருத்திப் பாடம் சொல்லித் தந்தான்.
"கேட்டால் போட்டிக்கு எண்டு சொல்லுங்கோ. பெரிய அளவுக்கு வேறயாப் போட்டி இருக்கு. அவ்வளவுதான்."
துஷி சொன்னாள்: "அப்பம்மா, வீட்டைக் காப்பாத்த எண்டு மட்டும் வாயே திறக்கக்கூடாது. இந்த நாட்டில அது காரணமில்லை. அப்பிடிச் சொன்னால் இருக்கிற லைசென்சையும் பறிப்பினம். பிறகு நானும் சுடேலாது."
வருகிற சித்திரையில் அவளை மாவட்டக் கோஷ்டிக்குத் தெரிவு செய்யப் போகிறார்களாம்.
"உண்மையா அது போட்டிக்கோ?" என்று குகனைக் கேட்டேன்.
"அம்மா, சும்மா இருங்கோ."

28 செப்ரெம்பர்
பாலேந்திராவின் திவசம். வாழைக்காய், பூசணி, பயற்றங்காய், பாயாசம். படைத்தோம். குகன் தம்பியின் படத்துக்கு முன்னால் நின்று மறுபடி அதையே சொன்னான். இருந்திருந்தால், இருந்திருந்தால்.

எழுதினால் துஷி வாசிப்பாளோ? அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், என் கையெழுத்து விளங்காது. எழுதுகிறேன்.

அவனிடம் ஒன்று இருந்தது.

உரப்பை எடுக்கப் போன இடத்தில் கண்டேன். நெல்மூட்டைக்குப் பின்னால், பழைய சாரத்தில் சுற்றி வைத்திருந்தான். எங்கே எடுத்தான், ஆர் கொடுத்தது, தெரியாது. இதை வைத்திருந்தால் இதாலேயே போவான் என்று நினைத்தேன். அந்த இரண்டு றாத்தலையும் சீலைக்குள் மறைத்துக்கொண்டு தோட்டக் கிணற்றடிக்குப் போனேன். போட்டேன். பெரிய சத்தம் வரவில்லை. வாளி விழுந்தால் இதைவிடக் கேட்கும்.

அவன் தேடினவன். ரெண்டு நாள் தேடினவன். மூட்டையெல்லாம் புரட்டிப்போட்டு என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவன். கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. புட்டு அவிச்சுக் குடுத்தன், திண்டவன். ஐஞ்சாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் —

எடுக்க நேரம் இருக்காதாம். பஸ்தியாம்பிள்ளைக்கு இருந்திருக்காது. என்ர பிள்ளை சுறுக்கன். அவனுக்கு இருந்திருக்குமோ? ஆரைக் கேக்கிறது இதை?

29 செப்ரெம்பர்
போனான். வந்தான். பாயாசம் மிச்சம்.

14 நவம்பர், செவ்வாய்
துவக்கு லைசென்ஸ் பார்க்கிற பொலிஸ்காரர் நாலரைக்கு வந்தார். மரியாதையான மனுசன், சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார். மாடிப்படிக்குக் கீழே குகன் சுவரோடு இறுக்கி வைத்த இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பெரியது எதற்கு என்று கேட்டார். குகன் போட்டிக்கு என்றான். அவர் தலையாட்டினார்.

கிளப் கடிதத்தை எடுக்கக் குகன் மேலே போனான். தவநாயகி வேலையால் வரவில்லை. பொலிஸ்காரர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

துஷி சொன்னாள்: "கப்பைப் பாத்திட்டுக் கேக்கிறார். மகன், பேத்தி ரெண்டு பேராலயும் உங்களுக்குப் பெருமைதானே எண்டு."

நான் சொன்னேன்: "பேத்தி கடதாசியைச் சுடுறாள், அது பெருமை. மகன் பெரிசு கேக்கிறது கடதாசிக்கில்லை. ஆரும் அடிக்க வந்தால் சுட. அப்பிடிச் சொல்லு."

அவள் வாய் திறந்தபடி இருந்தது.
"அப்பம்மா. இதைச் சொன்னால் எனக்கும் இல்லாமல் போகும்."
"தெரியும்."
"விளங்கித்தான் சொல்லுறியளே?"
"ஓம்."
அவள் கப்பைப் பார்த்தாள். மேலே அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சொன்னாள். நீட்டாமல், ஒரே மூச்சில்.

பொலிஸ்காரர் கோப்பையை வைத்துவிட்டு ஒரு வரி எழுதினார்.
குகன் இறங்கி வந்தான். "எல்லாம் சரியே?" என்று எங்களைக் கேட்டான்.
சரி என்று நான்தான் சொன்னேன்.

இரண்டாம் தரம். இந்த முறை கிணற்றடி வரைக்கும் நடக்கவும் இல்லை, கதிரையில் இருந்தபடியே.

15 நவம்பர்
குகன் ஆறரைக்குப் போனான். ஜன்னலடியில் நின்றேன். மூன்றரைக்கு வந்தான்.

19 டிசம்பர், செவ்வாய்
கடிதம். முப்பத்தெட்டு இல்லை. இருபத்திரண்டின் லைசென்சும் இனி இல்லை.
குகன் துஷியைக் கேட்டான்: "என்ன சொன்னனி அந்தாளுக்கு?"
"அப்பம்மா சொன்னதை."
"அம்மா?"
"ஓம்" என்றேன்.
"ஏன்?"
கடிதத்தை வாங்கி மடித்தேன். நேரம் போகப் போக அவன் முகத்தில் கோபம் இல்லாமல் போய் வேறொன்று வந்தது. அதைப் பார்க்க முடியாமல் அடுப்பை நிறுத்தப் போனேன். அடுப்பு எரியவில்லை.

22 டிசம்பர்
இரண்டு பேர் வந்து பிஸ்டலையும் ரவைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். குகன் கையெழுத்துப் போட்டான். இரும்புப் பெட்டியைக் கழற்ற ஏலாது, சுவர் உடையுமாம். அது அங்கேயே நிற்கிறது.

7 ஜனவரி 1990
துஷி என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை வாங்குகிறாள். கப்பை ரீ.வி. மேலிருந்து எடுத்துத் தன் அறைக்குள் வைத்துவிட்டாள். அந்த இடத்தைத் துடைத்தேன்.

குகன் கதைக்கிறான். "வாறன்", "போறன்", "உப்புக் காணாது". முன்னர் போலத்தான். ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

11 பெப்ரவரி, ஞாயிறு
என் கட்டிலில் ஒரு அட்டை. பத்துப் பயறு ஓட்டை, எல்லாம் நடுவில். மூலையில் பென்சிலால் 95.
கிளப்பிலே கிளப்பின் துவக்கால் சுடலாமாம், லைசென்ஸ் தேவையில்லை. இரண்டு பஸ் மாறித் தனியாகப் போயிருக்கிறாள்.
"இது எந்த அளவு?" என்று கதவடியில் நின்று கேட்டேன்.
"இருபத்திரண்டுதான்" என்றாள். பிறகு, "கோஷ்டிக்குச் சொந்தத் துவக்கு வேணும். இந்த முறை இல்லை" என்றாள்.
அவ்வளவும் கதைத்தாள்.

4 மார்ச், ஞாயிறு
தையல் போட்டு ஒரு வருசம். தழும்பு புருவத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு தவநாயகியும் துஷியும் சவுத்தாலுக்குத் துணி எடுக்கப் போனார்கள். குகன் தம்பியின் படத்துக்கு முன்னால் விளக்குக்குத் திரி போட்டான். திரியைத் தூண்டிக்கொண்டு அதையே முணுமுணுத்தான். தம்பியிட்டை ஒண்டு இருந்திருந்தால்.

"இருந்தது" என்றேன்.

முழுவதும் சொன்னேன். நெல்மூட்டை, சாரம், கிணறு, ஐந்து நாள். என் குரல் கடைக்குப் போய் வந்த கதை சொல்வது போல இருந்தது. அவன் திரும்பவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மேலே போனான்.

ஏன் பொலிசுக்கு அப்படிச் சொன்னேன் என்று அவன் இனிக் கேட்கமாட்டான். எனக்கே தெரியாது. முதல் தரம் செய்தது பிழை இல்லை என்று காட்டவோ? மற்றப் பிள்ளையையும் அதே மாதிரி — ஐயோ, தெரியாது.

5 மார்ச், திங்கள்
குகன் ஆறரைக்குப் போனான். "போட்டு வாறன்" என்று சொல்லவில்லை.
மூன்றரை.
நாலு.
நாலரைக்குப் பெற்றோல் செட்டுக்கு ரெலிபோன் எடுக்கச் சொல்லலாம் என்றால் வீட்டில் ஒருவரும் இல்லை. நம்பர் தெரியும். எடுத்து என்ன கேட்பது?
ஐந்து. ஜன்னலடியில் நின்றேன். தெருவில் சைக்கிள் ஒன்று போனது.
ஐந்தே முக்காலுக்கு வந்தான்.

கோட்டைக் கழற்றாமல் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்குப் போனானாம்.

"எந்தக் கிணத்துக்கை?"
"தோட்டக் கிணத்துக்கை."
"வத்தாத கிணறு."
"ஓம்."
"தேடினவனே?"
"ரெண்டு நாள்."
நிலத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். டிசம்பருக்குப் பிறகு இன்றைக்குத்தான்.
"பஸ்தி அண்ணை திரும்பவும் சொல்லுறார், எடுக்க நேரம் இருந்திருக்காதாம்."
"அவருக்கு எப்பிடித் தெரியும்?"
"தெரியாதுதான்" என்றான் குகன்.

எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன் என்பது கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. முழுவதும் குடித்தான்.