நான் கைதானதற்கு ஆதாரம் கோரும் மனு

அனுப்புநர்:
மருத்துவமனை லிப்ட் இயக்குபவர்,
ஊழியர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
காவல் மற்றும் நீதிமன்ற ஆவணப் பிரிவு.

பொருள்: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என்னைக் கைது செய்ததற்கும் விடுவித்ததற்கும் நகல் வேண்டுதல் – தங்கை மகளை ஒப்படைக்கும் கெடு 28ஆம் தேதி முடிவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கை சென்ற ஆண்டு காலமானாள். அவளுடைய ஆறு வயது மகள் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறாள். அவளை எங்களிடம் ஒப்படைக்கக் கோரி நானும் என் மனைவியும் விண்ணப்பித்தோம். படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’ என்பது. ‘ஆம்’ என்று எழுதினேன். அன்று பிடித்தது சனி.

2. நடந்தது இதுதான். கைப்பேசிக் கடை ஒன்றில் திருடியவன் நீலச் சட்டை போட்டிருந்தானாம். அன்று நானும் நீலச் சட்டை. பதினோரு நாள் உள்ளே இருந்தேன். உண்மையான திருடன் அகப்பட்டதும் நீதிபதி என்னை விடுவித்தார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில், உத்தரவின் நகலைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை. யாருக்கு ஐயா தோன்றும்?

3. இப்போது காப்பக அலுவலர் அந்த நகலைக் கேட்கிறார். 28ஆம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் குழந்தையை வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். காவல் நிலையத்தில், பழைய பதிவேடெல்லாம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது என்றார்கள். நீதிமன்ற ஆவண அறையில் வழக்கு எண் கேட்டார்கள். எண் காவல் நிலையத்தில்தான் கிடைக்குமாம். இப்படி நான்கு நடை. நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற எனக்கே தலை சுற்றிவிட்டது. இணையதளத்தில் தேடினால், ‘விவரம் ஏதும் இல்லை’ என்று வருகிறது.

4. கடைசியில் தங்கள் பிரிவிலேயே ஒரு சான்று கொடுத்தார்கள்: ‘இந்நபர் மீது கைதோ வழக்கோ எக்காலத்திலும் பதிவாகவில்லை.’ சந்தோஷமாக எடுத்துக்கொண்டு ஓடினேன். காப்பக அலுவலர் இரண்டு காகிதங்களையும் மேசையில் வைத்து, “கைதானேன்னு நீங்க எழுதியிருக்கீங்க, ஆகவே இல்லைன்னு இவங்க சொல்றாங்க. இதுல எது பொய்?” என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கேட்டேன். “பதினோரு நாளும் சோறு கட்டி எடுத்துட்டு வந்து வாசல்ல நின்னது யாரு? பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?” என்று எரிந்து விழுந்தாள்.

5. என்னைக் கைது செய்த போலீஸ்காரர் ஓய்வு பெற்று, நீதிமன்ற வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், “அட நீலச் சட்டை! நல்லா இருக்கியாப்பா?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். இதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். “பதிவேட்டுலயே இல்லாததை நான் எழுதிக் கொடுத்தா என் பென்ஷனுக்கு வேட்டு வச்சிடுவாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். இம்மனுவின் இணைப்புகளை நகல் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

6. தங்கள் அலுவலகக் குமாஸ்தா ஒருவர், “பேசாம ‘இல்லை’ன்னு மாத்தி எழுதிடுங்க, வேலை முடிஞ்சிடும்” என்றார். எனக்குக் கை வரவில்லை. நாளைக்கு ஏதாவதொரு மூட்டையிலிருந்து அந்தக் காகிதம் வெளியே வந்தால், பொய் சொன்னவன் என்று குழந்தையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை ஐயா அது. எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னதற்கு எதற்காக இந்த அலைச்சல் என்பதும் விளங்கவில்லை.

ஆகவே, தாங்கள் மனமிரங்கி, அப்பதிவுகளை 28ஆம் தேதிக்குள் தேடியெடுத்து நகல் வழங்க வேண்டுகிறேன். அவை அகப்படாத பட்சத்தில், என்னை இன்னொரு முறை கைது செய்து, முறையாக எண் போட்டு, நீதிபதி முன் நிறுத்தி, விடுவித்து, நகலைக் கையில் கொடுத்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். எந்த நாளானாலும் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று மூன்று மணிக்குத்தான் காப்பகத்தில் குழந்தையைப் பார்க்க விடுவார்கள். நான் போகாவிட்டால் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பாள்.

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: இம்மாதம் 11, செவ்வாய்

இப்படிக்கு,
(கையொப்பம்)
குழந்தையின் தாய்மாமன்