எட்டு மணிக்குத் திறக்கும் அறை

முகாம் மருத்துவப் பிரிவு
சனிக்கிழமை, மதியம்

என் வாயாடித் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவிடம் இந்த ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டு, மீதியைக் கதவைச் சாத்திக்கொண்டு நீ தனியாகப் படி. இங்கிருந்து போகிற கடிதங்களையெல்லாம் பிரித்துப் பார்க்கிறார்கள். அதனால் லீவில் வருகிற எங்கள் நர்ஸ் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரை வாசலோடு அனுப்பிவிடாதே, உட்கார வைத்துச் சோறு போடு. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படை உளவியலாளர் தேர்வில் நீ தேறிவிட்டாய் என்று தெரிந்த அன்று நான் இங்கே எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். என் சிபாரிசுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி, "எப்பக்கா அனுப்புவே" என்று போனிலேயே உயிரை எடுத்தாய். அதை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அறையை நீ பார்த்ததில்லை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, கம்பி போட்ட ஜன்னல். வாசலுக்கு வெளியே சுவரில் ஓர் இரும்பு ஸ்டாண்டு. வருகிறவன் துப்பாக்கியை அதில் மாட்டிவிட்டு, ஆணியில் தொங்கும் நம்பர் வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பேசி முடித்ததும் ஃபைலில் நான் இரண்டில் ஒன்றை எழுதுவேன். ஆயுதம் வைத்திருக்கலாம், அல்லது ஆயுதம் கொடுக்கக் கூடாது. நீயும் நானும் கண்விழித்துப் படித்த தடித்தடிப் புத்தகமெல்லாம் கடைசியில் இந்த ஒரு வரியில் வந்துதான் நிற்கிறது.

கூடாது என்று எழுதினால் அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. போன வருஷம் ஒரு சிப்பாய்க்கு அப்படி எழுதினேன். துப்பாக்கி இருந்த தோளில் துடைப்பத்தை வைத்து அவனை ஒன்பது நாள் அணிவகுப்பில் நிறுத்தினார்கள். கூட இருந்தவர்கள் துடைப்பத்துக்கு சல்யூட் அடித்துச் சிரித்தார்கள். பத்தாம் நாள் அவன் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எடுத்துக் குடித்துவிட்டான். நாக்கும் தொண்டையும் வெந்துபோய், என் கையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் துடித்துச் செத்தான். அன்றிலிருந்து அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தான். முகாமுக்குள் நுழையும்போதே ஊரைக் கூட்டுகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வருவானாம், அதனால் அவனுக்கு ஹாரன் என்றே பெயர். கண்ணிவெடியில் அவன் லாரியின் முன்பக்கம் பிய்ந்துபோனது. பக்கத்து ஸீட்டில் இருந்தவனை வெளியே இழுத்தபோது கை மட்டும் தோளோடு கழன்று இவனிடம் வந்துவிட்டது. மீதி ஆள் இவனைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே உள்ளே எரிந்தான். அதற்குப் பிறகு இவன் லாரியைத் தொடவில்லை. ஆனால் இவனுடைய சார்ஜென்ட் விடவில்லை. தினமும் காலையில் குழாயடியில் எல்லோர் முன்னாலும் ஹாரன் மாதிரி சத்தம் போடச் சொல்வார். ஒரு நாள் மாட்டேன் என்றதற்கு, போர்வையைத் தலையில் போட்டு நான்கு பேர் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். விலாவில் இரண்டு எலும்பு விரிசல் விட்டது.

அவன் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. "குழாயடியில நிக்கும்போது ஒவ்வொரு தலையா எண்ணிப் பாக்குறேன் மேடம், எத்தனை தோட்டா வேணும்னு. எனக்கே பயமா இருக்கு" என்றான். மூச்சு விடுவதற்குள், "துப்பாக்கிய மட்டும் வாங்கிடாதீங்க, தொடப்பத்தோட நிக்க என்னால முடியாது" என்று கெஞ்சினான். அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன். அதற்குக் கீழேயே, ஆயுதம் வைத்திருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் துடைப்பமும் ஆசிட்டும்தான். சார்ஜென்ட்டை அங்கிருந்து மாற்றுங்கள் என்று எழுதியிருக்கலாம். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அவன் எழுந்தபோது, மனசு தாங்காத அன்று வேறு எதையும் செய்வதற்கு முன்னால் முதலில் என்னிடம் வா என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குழாயடியில் வெடிச்சத்தம் கேட்டது. அறையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். சார்ஜென்ட் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்ந்து கிடந்தார். பாதி முகத்தில் சவர நுரை இருந்தது, மறு பாதி முகமே இல்லை. ஒரு கிளார்க், சரிந்த குடலை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு என் பல் பிரஷ் எங்கே என்று என்னையே கேட்டான். இன்னொருவனின் கழுத்திலிருந்து பீறிட்டதை நர்ஸ் அக்கா துண்டை வைத்து அமுக்கினார், துண்டுக்கு மேல் என் கையையும் வைத்து அமுக்கினோம், நிற்கவில்லை. அவன் ஹாரனை ஒரு நாளும் கேலி செய்ததில்லை. சோப்பு எடுக்கத் திரும்பினான், அவ்வளவுதான். குழாய்களை மூடக்கூட ஆள் இல்லை. மூன்று பேரும் என் கண் முன்னாலேயே போனார்கள்.

என் அறைக்குத் திரும்பி வந்தேன். ஸ்டாண்டில் ஒரு துப்பாக்கி ஒழுங்காக மாட்டியிருந்தது, குழலில் இன்னும் சூடு ஆறவில்லை. உள்ளே ஹாரன் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான். அதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது கை ஓட மாட்டேன் என்கிறது.

மறுநாள் கமாண்டர் கூப்பிட்டார். கத்தவில்லை, டீ கொடுத்தார். "அவன் எல்லாத்தையும் மறைச்சுட்டான்னு புதுசா ஒரு பக்கம் எழுதிடும்மா, பழசு ஃபைல்ல இருக்க வேணாம்" என்றார். அப்படி எழுதினால் சார்ஜென்ட் செய்ததும் நான் செய்ததும் துடைத்தெறிந்த மாதிரி போய்விடும். திட்டம் போட்டுக் கொன்றான் என்று அவனைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். எழுதாவிட்டால் எனக்கு வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். டீ குடித்து முடிக்கும்போது, "தங்கச்சி ஆர்டரும் என் கையெழுத்துக்குத்தான் வரும், நல்ல பொண்ணு" என்றார். டீயை அவர் மூஞ்சியில் வீசியிருப்பேன், கோப்பை காலியாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அங்கேதான், நம் ஊர்த் தலைமையகத்தில். காவலோடு கூட்டி வருவார்கள், என் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அதனால் அவன் சொன்னதை எழுதி நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய பக்கத்தை ஃபைலிலிருந்து உருவி இந்த உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். நான் உண்மையைத்தான் சொல்வேன். ஆனால் கையில் தாள் இல்லாமல் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. அந்த நேரத்தில் நானே பயந்து பின்வாங்கிவிட்டால்? என்னை நான் பார்த்துவிட்டேன், இனி என்னை நம்ப முடியாது. நீ அதைக் கொண்டுவந்து அதிகாரியின் கையில் கொடுத்தால் உனக்கு இந்த வேலை கிடைக்காது. எத்தனை வருஷக் கனவு என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறேன், பாவி.

உன் சிபாரிசுக் கடிதம் பாதியில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே அறைக்கு வந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அதைத்தான் எழுதினேன். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார்கள். எட்டு மணிக்குத்தான் திறப்பேன் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது, படிக்கத் தெரியாதா என்று எரிச்சல்பட்டுக்கொண்டு நான் எழுந்திருக்கவே இல்லை. யார் வந்து பேசினாலும் என் தங்கை காது கொடுத்துக் கேட்பாள் என்கிற வரியை எழுதிக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து அவன் சொன்னது இதுதான்: "மொதல்ல இங்கதான் மேடம் வந்தேன்."

அம்மாவைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் எந்த வேலை பார்த்தாலும் நன்றாக இருப்பாய், இது அக்கா மனசார வாழ்த்துவது. திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அந்த விசாரணை அறையின் கதவையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். தட்டு, தங்கம்.

உன்
அக்கா