பதிவு செய்த முகவரி

மார்ச் 2, திங்கள்

ஏழாவது மாடி முடிந்தது. முடிந்தது என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அந்த வீட்டுக்காரம்மா மறுபடி போன் செய்து பாத்திரம் கழுவும் தொட்டியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னால் முடியவில்லை. பதினோரு மாடி, மாடிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு சமையலறை, சமையலறைக்கு ஒரு பிடிவாதம். மாதக் கடைசிக்குள் எல்லா அலமாரி வரைபடமும் கட்டடக்காரர் கையில் இருக்க வேண்டும். பலகை வந்து இறங்கிவிட்டது. "நீங்க அளவு குடுத்தாதான் நான் ரம்பத்தத் தொடுவேன்" என்று கார்பெண்டர் அண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் ஆட்கள் வேறு சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம்.

சாயங்காலம் தங்கச்சி பேசினாள். ஏழாவது மாடிப் படத்தைத் திரையில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "அக்கா, இந்தக் கதவத் தொறந்தா ஃப்ரிட்ஜ்ல இடிக்கும்" என்றாள். இடிக்கத்தான் இடிக்கிறது! இத்தனைக்கும் அவள் படித்தது கணக்கு. அப்புறம் என்னவோ இழுத்தாள் — "பேசாம நான் அங்கயே வந்துட்டா என்னக்கா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ தாயே, நீ அந்த நாட்டுல இருக்கற வரைக்கும்தான் எனக்குப் பொழப்பு! நீ கெளம்பி வந்துட்டா என் லைசென்ஸ் என்னாகறது?" வரைபட மென்பொருளை அவள் பெயரில், அவள் முகவரியில், அவள் நாட்டு விலையில் அல்லவா வாங்கி வைத்திருக்கிறேன். அவளும் சிரித்தாள். நாளை எட்டாவது மாடி.

மார்ச் 5, வியாழன்

கணினியைத் திறந்ததும் திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டை. கூடவே ஒரு மின்னஞ்சல். மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை படித்தால் வேறு மாதிரி இருக்குமோ என்று அதையும் செய்து பார்த்தேன்.

கணக்கு பதிவான நாட்டுக்கு வெளியிலேயே தொடர்ந்து திறக்கப்படுகிறதாம். இந்த விலை அந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தானாம். அதனால் பதிவு செய்த முகவரிக்குத் தபாலில் ஓர் அட்டை அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருக்கும் எண்ணை இருபத்திரண்டாம் தேதிக்குள் இங்கே அடிக்க வேண்டும். முகவரியை இடையில் மாற்றக் கூடாது. அடிக்காவிட்டால் பூட்டு.

பூட்டு என்றால் மென்பொருளுக்கு மட்டுமா? நான் இதுவரை வரைந்த சமையலறைகளெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வேறு எதிலும் அந்தக் கோப்புகள் திறக்காது.

மார்ச் 6, வெள்ளி

இவரிடம் சொன்னேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனிதர், காலை நீட்டிக்கொண்டு, "சாஃப்ட்வேர்காரன் மாசாமாசம் வாடகை வாங்கறான், இதுவரைக்கும் வீட்டுக்காரன் மூஞ்சிய நீ பாத்ததில்ல. இப்பத்தான் கதவத் தட்டறான்" என்றார். அவருக்கு எல்லாம் வேடிக்கை.

"பேசாம இங்கயே நேர்மையா வாங்கிடேன்."

வாங்க மாட்டேன் என்றா சொன்னேன்? அதே மென்பொருள், அதே பொத்தான்கள். அவள் நாட்டில் தனி ஆள் வாங்கலாம், கையைக் கடிக்காத விலை. இங்கே நான்கு மடங்கு. சரி, கடனோ உடனோ வாங்கித் தொலைக்கலாம் என்று முன்பே ஒரு தடவை விற்பனையாளரைக் கேட்டேன். "தனி ஆளுக்குக் குடுக்கறதில்ல மேடம். இந்த நாட்டுக்கு ரூல் அப்படி. குறைஞ்சது ரெண்டு பேருக்குச் சேத்துத்தான்" என்றார். இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்? இவரையா வரையச் சொல்வது? நேர்க்கோடு போடச் சொன்னால் வளைகோடு போடுவார்.

திருடவில்லை. மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன். ஆனாலும் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தான்.

மார்ச் 9, திங்கள்

தங்கச்சியோடு வீடியோவில் பேசினேன். அட்டை வந்திருக்கிறதா என்று கேட்டால், "தபால் பெட்டிய பாக்கலக்கா, பாக்கறேன்" என்கிறாள். கீழே இறங்கினால் பெட்டி. பார்க்க எவ்வளவு நேரமாகும்?

சமையலறையில் நின்றுதான் பேசினாள். பின்னால் மேல் அலமாரி தெரிந்தது. கூரையோடு ஒட்டி, அவளுக்கு எட்டவே எட்டாத உயரத்தில். அவள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பரிசே அந்த வீட்டுச் சமையலறையின் வரைபடம்தான். என் முதல் வேலை. அவள் குள்ளம் என்று மேல் அலமாரியை ஒரு சாண் இறக்கி வரைந்தேன். "என்னடி, அலமாரிய மாத்திட்டியா?" என்றேன். "ஆமாக்கா, பழசாயிடுச்சு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வரைந்தது அதற்குள் பழசாகிவிட்டதா? எட்டாத உயரத்தில் அலமாரி வைத்த அந்த மடையன் யார்? கேட்கவில்லை. காரியம் ஆக வேண்டும், வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

அட்டை வரவில்லையாம். ஒன்பதாவது மாடி பாதியில் நிற்கிறது, கை ஓடவில்லை.

மார்ச் 14, சனி

நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்தேன்: அட்டை ஆறாம் தேதியே பட்டுவாடா ஆகிவிட்டது. பச்சை எழுத்தில் போட்டிருக்கிறது. அப்படியானால் இவள் ஏன் வரவில்லை என்கிறாள்?

போன் செய்தேன். "வேற அட்ரஸ் குடுத்தா அனுப்ப மாட்டாங்களாக்கா?" என்கிறாள்! "எந்த வேற அட்ரஸ்? உனக்கு எத்தன வீடு இருக்கு?" என்று கத்தினேன். மாப்பிள்ளையிடம் சொல்லி அட்டையை எடுத்து வைக்கச் சொல் என்றேன். அவருக்கு வேலை அதிகமாம். நானே அவரிடம் பேசட்டுமா என்றதற்கு, "வேணாம்க்கா, வேணாம், நானே பாத்துக்கறேன்" என்று பதறினாள். என்ன பதற்றமோ.

மார்ச் 17, செவ்வாய்

கணினிக் கடைக்காரரிடம் போனேன். கள்ளப் பிரதி ஒன்று இருக்கிறதாம், பழைய பதிப்பு. போட்டுப் பார்த்தார். என் கோப்புகளை அது திறக்கவில்லை. "புதுசுல செஞ்சத பழசு படிக்காதுங்க" என்று கையை விரித்தார். வெளியே வந்து அவர் கடைப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டடக்காரர் இரண்டு தடவை அழைத்தார். எடுக்கவில்லை. கார்பெண்டர் அண்ணன் மட்டும், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தாயிற்று.

மார்ச் 19, வியாழன்

மஞ்சள் பட்டை சிவப்பாகிவிட்டது. கெடுவுக்கு முன்பே பாதிப் பூட்டு: பார்க்கலாம், திருத்த முடியாது. பத்தாவது மாடியில் ஒரு இழுப்பறை தப்பாக இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், தொட முடியவில்லை.

தங்கச்சியை அழைத்துத் தாறுமாறாகப் பேசிவிட்டேன். ஒரு அட்டைய எடுத்துப் பாக்க என்னடி கஷ்டம் உனக்கு? நான் என்ன உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்? உன்னப் படிக்க வெச்சேன், கல்யாணம் பண்ணி அனுப்பினேன், திருப்பி ஒரே ஒரு உதவி கேட்டா இப்படி இழுத்தடிக்கிறியே — இந்த வேலை போச்சுன்னா அப்புறம் எவன் என்னக் கூப்பிடுவான்?

இருக்கிறாளா, லைன் போய்விட்டதா என்று நான் ஹலோ ஹலோ என்றேன். பிறகு, "நாளன்னிக்குள்ள எடுத்துடறேன்க்கா" என்றாள்.

இவர் பக்கத்தில்தான் இருந்தார். "அவ குரல் சரியில்ல" என்றார். என் குரல் மட்டும் சரியாக இருக்கிறதாக்கும்.

மார்ச் 21, சனி

வந்துவிட்டது!! எண்ணை மட்டும் செய்தியில் அனுப்பியிருக்கிறாள், வேறு ஒரு வார்த்தை இல்லை. அடித்தேன். சுற்றியது, சுற்றியது — திறந்துகொண்டது. பட்டை போய்விட்டது. "நன்றி, உங்கள் வசிப்பிடம் உறுதி செய்யப்பட்டது" என்று ஒரு செய்தி.

உட்கார்ந்து அழுதேன். பிறகு பத்தாவது மாடி இழுப்பறையைத் திருத்தினேன். தங்கச்சிக்கு நூறு முத்தம் அனுப்பினேன். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது. இருக்கட்டும், சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

மார்ச் 22, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று அழைத்தேன். மரியாதைக்குத்தான்.

"உங்க தங்கச்சி வீட்ட விட்டுப் போய் மூணு மாசமாச்சு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

அவர்தான் பேசிக்கொண்டே போனார். "நேத்து வந்து வாசல்ல நின்னா. கவர் ஒண்ணு வந்திருக்காமே, வேணும்னா. எங்க அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் இருந்தாங்க. எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேளு, தரேன்னேன். கேட்டா. குடுத்துட்டேன்." சிரித்தார். "மூணு மாசமா அவ்வளவு ரோஷம். கடைசில ஒரு அட்டைக்கு வந்தா பாருங்க."

ஒரு அட்டைக்கு.

நான் அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன்.

அது அவ சமையலறையே இல்ல. என் கையால வரைஞ்ச சமையலறை, ஒவ்வொரு விரற்கடையும் எனக்குத் தெரியும் — வேற அலமாரி, வேற உயரம், கண்ணு முன்னாடி காட்டறா, நான் என்ன கேட்டேன்? மாத்திட்டியான்னு கேட்டேன். என் படம் பழசாயிடுச்சுன்னு கோவிச்சுக்கிட்டேன். அட பாவி.

மார்ச் 22, மறுபடியும்

அவளிடம் பேசிவிட்டேன். இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாளாம். கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறாளாம். அடிச்சானா என்று கேட்டேன். "அத விடுக்கா" என்றாள். அப்படியென்றால் அடித்திருக்கிறான்.

ஏன்டி என்கிட்ட சொல்லலை என்றேன். "சொல்லத்தான் வந்தேன். நீ வேலையா இருந்தியா..." என்று இழுத்தாள். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இந்த நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே.

மன்னிச்சுடு என்றேன். நீ இங்க வந்துடு, உடனே வந்துடு என்றேன். அவள் கேட்டாள்:

"அப்போ உன் லைசென்ஸ்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். தீயில போடு அதை என்று கத்தினேன், பக்கத்து அறையிலிருந்து இவர் ஓடி வந்துவிட்டார்.

மார்ச் 23, திங்கள்

இவர் அவளுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். என்னிடம் கேட்கக்கூட இல்லை.

மார்ச் 30, திங்கள்

பதினோரு மாடியும் கொடுத்தாயிற்று. கட்டடக்காரர் படங்களைப் புரட்டிவிட்டு, "பரவால்லயே, சொன்ன தேதிக்கு முந்தியே குடுத்துட்டீங்க" என்றார். கார்பெண்டர் அண்ணன் ரம்பத்தைத் தொட்டுவிட்டார். தெருவிலேயே சத்தம் கேட்டது. சந்தோஷப்பட வேண்டிய நாள்.

ஒவ்வொரு நாளும் மென்பொருளைத் திறக்கும்போது என் தங்கச்சி அந்த வாசலில் நிற்கிறாள். எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? உள்ளே கூப்பிட்டார்களா, படியிலேயே நிற்க வைத்தார்களா? கடைசிப் படத்தை அனுப்பியதும் கணக்கை ரத்து செய்துவிட்டேன். "எங்களை விட்டுச் செல்வதற்கான காரணம்?" என்று கேட்டது. காலியாக விட்டேன்.

அவள் நிஜமாகவே விமானம் ஏறுவாளா? கடைசி நேரத்தில் அந்த ஆள் வந்து ஏதாவது சொல்லி மனசைக் கலைத்துவிட்டால்?

ஏப்ரல் 5, ஞாயிறு

வந்துவிட்டாள். ஒரே ஒரு பை. இளைத்திருக்கிறாள். விமான நிலையம் போகும் வழியெல்லாம் என்னென்னவோ பேசிப்பார்த்து வைத்திருந்தேன். பையை யார் தூக்குவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டோம்.

சமையலறைக்குள் போனவள் மேல் அலமாரிக்குக் கையை நீட்டினாள். எட்டவில்லை. நான் உயரம், என் அளவுக்கு வைத்தது. இவர் உடனே, "ஊருக்கெல்லாம் படம் போடறா, உனக்கு எட்டற மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லு" என்றார். அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

ஏப்ரல் 9, வியாழன்

வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். கட்டடக்காரர் அடுத்த கட்டடம் இருக்கிறது என்கிறார். எதில் வரைவேன்? தங்கச்சி என் பழைய படங்களை அச்செடுத்து வைத்துப் பென்சிலால் குறிக்கிறாள்: இங்கே இடிக்கும், இங்கே கை நுழையாது. நான்கு தப்பு கண்டுபிடித்திருக்கிறாள், அதில் மூன்று நிஜம். எனக்குக் கோபம் வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

விற்பனையாளரை அழைத்தேன். "அதே ரூல்தான் மேடம், ரெண்டு பேருக்குக் குறைஞ்சு முடியாது" என்றார். சரி, ரெண்டு பேருக்கே கொடுங்கள் என்றேன். பதினோரு மாடிக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி போகிறது. இவர், "வாடகை ஏத்திட்டான்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்தார். அடுத்த கட்டடம் கைநழுவினால் என்ன செய்வோம் என்று இப்போதே பயமாக இருக்கிறது. அது தனிக் கவலை.

படிவம் திரையில் வந்தது. முதல் ஆளின் விவரத்தை நான் அடித்தேன். இரண்டாவது ஆள் என்று வந்ததும் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். பெயரை அடித்தாள். தொழில் என்ற இடத்தில் யோசித்து, "என்ன போடட்டும்?" என்றாள். வரைபடம் என்று போடு என்றேன். போட்டாள். அடுத்தது வசிக்கும் முகவரி. அங்கே கை நின்றுவிட்டது. காலியான அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நம்ம வீட்டு நம்பர் என்னக்கா?"