டப்பாவில் என் பேர்

இந்தாம்மா,

நீ அசந்து தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை. பால் வாங்கி வைத்திருக்கிறேன், காய்ச்சவில்லை.

இன்று பதினோரு மணிக்கு உணவு அதிகாரி நம் சமையலறையைப் பார்க்க வருகிறார். நான் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் லீவு கேட்டதற்கு மேஸ்திரி, "மூட்டை தூக்க வெளியே பத்து பேரு நிக்கிறான்" என்றுவிட்டார்.

வாடகைப் பத்திரம் என் பேரில் இருப்பதால், நீ சுட்டு விற்கிற பிஸ்கட்டுக்கான உரிமமும் என் பேரில். விற்கிற பிஸ்கட்டை உரிமம் உள்ளவர்தான் சுட வேண்டுமாம். அதனால் அவர் வருவதற்குள் அடுப்பை அணைத்து, மாவுக் கையைக் கழுவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு. கேட்டால், "எல்லாம் அவர்தான் சுடுவார்"னு சொல்லு.

"வெந்நீர் வைக்கத் தெரியாத ஆளு, டப்பாவுல மட்டும் பேரு பெருசா!" என்று நேற்று நீ கத்தியது நியாயம்தான். உன் பேருக்கு மாற்ற வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். கேட்கப்போனால், வீட்டில் வியாபாரமா என்று காலி பண்ணச் சொல்வார். நான் எந்தப் பக்கம் போக, நீயே சொல்.

இன்னொன்று. கிளம்புமுன் ஒரு டப்பாவில் என் பேரை அடித்துவிட்டு உன் பேரை எழுதினேன். அதிகாரி கண்ணில் பட்டால் வம்பு என்று பீரோவில் உன் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் யாருக்கும் விற்காதே.