மூன்றாவது ஜோடி பிரேக்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் அந்தச் சத்தம். கார் வாசலில் வந்து நிற்கும்போது தகரத்தை நகத்தால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு. "பிரேக் கத்துது" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் இவர்.

யாரிடம் சொல்கிறார்! பத்தொன்பது வருடமாகக் காது கேட்கிறதா என்று சோதிக்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வதுதான் என் பிழைப்பு. இவர் காதையும் போன வருடம் நானே சோதித்தேன். பாம்புக் காது. கேட்காமல் எங்கே போகும்?

பிரேக் பேட் மாற்றியது நவம்பரில். மூன்று மாதம். ஒரு ஜோடி செருப்புகூட எனக்கு அதைவிட அதிக நாள் வருகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

மதியம் லீவு போட்டு வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றி, பேடை எடுத்து என் கையில் வைத்தார். பிஸ்கட் கனத்துக்கு இருக்க வேண்டியது காகிதம் மாதிரி இருந்தது.

"மூணு மாசத்துல தேயறதுக்கு இது என்ன பென்சிலாண்ணே?"

"அதத்தான் நானும் கேக்கறேன். இது சாதாரணமா ரெண்டு மூணு வருஷம் வரும். யாரு ஓட்டறாங்க?"

"வீட்டுக்காரர்தான்."

"மலைப்பாதையா? பாரம் ஏத்தறாரா?"

மலையும் இல்லை, பாரமும் இல்லை. இவர் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவர். ஒரு டார்ச், ஒரு கருவிப்பை, அவ்வளவுதான் பாரம்.

முன்சக்கரம் இரண்டுக்கும் புதுப் பேட், கூலி எல்லாம் சேர்த்து என் அரை மாதச் சம்பளம். வீட்டுக்கு வந்து சொன்னால் இவருக்குக் கோபம். "முப்பது வருஷமா ஓட்டறேன். ஒரு கீறல் உண்டா? அந்தாளு போலிச் சாமான் போட்டிருப்பான்."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கென்ன தெரியும், காதைத் தவிர?

பிப்ரவரி 14, வெள்ளி

சத்தம் இல்லை. மகிழ்ச்சி என்று எழுதலாம். அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு அமைதி.

ஏப்ரல் 24, வியாழன்

இந்தத் தடவை சத்தம் இல்லை, நாற்றம். இவர் வந்து நிறுத்தியதும் முன்சக்கரத்துப் பக்கம் துணி கருகுகிற வாடை. கிட்டே கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது.

மெக்கானிக் சொன்னது: "பேட் போச்சு. அது கவ்வற டிஸ்க்கும் வரி வரியா விழுந்துருச்சு, அதையும் மாத்தணும். அக்கா, நான் போட்டது நல்ல பேடு. கம்பெனி டப்பாவ உங்க முன்னாலதான் பிரிச்சேன். கோளாறு வண்டில இல்ல, ஓட்டற கால்ல இருக்கு."

இந்த முறை முழு மாதச் சம்பளம். புதுக் கண்ணாடி போட வேண்டும் என்று வைத்திருந்தது போயிற்று. இன்னும் ஆறு மாதம் பேப்பரைக் கையை நீட்டி வைத்துப் படிக்க வேண்டியதுதான்.

ஓட்டுகிற கால். யார் கால்? நான் வண்டியைத் தொடுவது மாதம் ஒரு முறை. இவர் நிதானத்துக்குப் பேர்போனவர். மிச்சம் யார்? மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வண்டியை வாங்கிக்கொண்டு போகிற என் தம்பி. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன் என்று விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் அடைத்துக்கொண்டு பறக்கிறவன்.

ஏன் இது முன்னாலேயே தோன்றவில்லை?

ஏப்ரல் 27, ஞாயிறு

தம்பி சாவி கொடுக்க வந்தான். கேட்டுவிட்டேன். கேட்டது சரி, கேட்ட விதம்தான்— "உனக்கென்ன, அடுத்தவன் வண்டிதானே, அமுக்கு அமுக்குன்னு அமுக்கறே. தண்டம் அழறது நாங்க."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, நான் பொறுமையாத்தான் ஓட்டறேன். மாமாவ வேணா கேளு, ஒரு நாள் பக்கத்துல உக்காந்து வந்தாரே."

இவர் சாப்பாட்டு மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"சரி. இனிமே உன் வண்டி எனக்கு வேணாம்" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். எறிந்திருந்தால்கூட எனக்குத் திட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும். மெதுவாக வைத்துவிட்டுப் போனான்.

அக்கா தம்பி சண்டையில் தலையிட வேண்டாம் என்று இவர் பெருந்தன்மையாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மே 3, சனி

தம்பி போன் எடுக்கவில்லை. சரி, எடுக்காமல் போகட்டும்.

ஜூன் 14, சனி

கீச்சு.

ஏழு வாரமாகத் தம்பி இந்த வண்டிப் பக்கமே வரவில்லை. அப்புறம் யார்? எனக்குக் காது சுடுகிறது. அவனை எத்தனை பேச்சுப் பேசினேன். இப்போது எந்த முகத்தோடு போன் செய்வது?

இவரிடம் "மறுபடியும் தேஞ்சிருச்சு" என்றேன். "ஓ" என்றார். ஓ! ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒரே ஒரு ஓ. மனுஷனா மரமா?

ஜூன் 16, திங்கள்

வேலைக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட் கிடைத்தது. பாலத்துக்கு முன்னால் பார்த்தால் எங்கள் வண்டியே எங்களுக்கு முன்னால் போகிறது. பின்னாலிருந்து சொந்த வண்டியைப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது.

பிரேக் விளக்கு எரிந்தது. சரி, யாராவது குறுக்கே வந்திருப்பார்கள். அணையவில்லை. பாலம் ஏறியது, இறங்கியது, எதிரே ஈ காக்கை இல்லாத சாலை, விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. வண்டி நிற்கவும் இல்லை. எரியும் விளக்கோடு ஓடிக்கொண்டே இருந்தது. அது வலப்பக்கம் திரும்பி மறைகிறவரை எண்ணினேன், ஆறு நிமிடம்.

விளக்கில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். சாயங்காலமே வீட்டுக்கு வந்து பார்த்தார். இவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

"விளக்கு சரியா இருக்கு. மிதிச்சா எரியுது, எடுத்தா அணையுது." கொஞ்சம் தயங்கினார். "அக்கா, இது கிளட்ச் இல்லாத வண்டி. இடது காலுக்கு வேலையே கிடையாது. ஆனா சில பேரு வலது கால் ஆக்சிலேட்டர்ல, இடது கால் பிரேக்லன்னு ரெண்டு காலாலயும் ஓட்டுவாங்க. ஒண்ண ஒண்ணு எதுத்துக்கிட்டே ஓடும். பேடு எப்படி நிக்கும்?"

முப்பது வருட அனுபவம் ஏன் இரண்டு காலால் ஓட்ட வேண்டும்?

ஜூன் 17, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

இவர் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றினார். வலது கால் சாக்ஸ் அடியில் ஈரமாக, கருஞ்சிவப்பாக. "என்னங்க இது?" என்றேன். குனிந்து பார்த்து அவரே திடுக்கிட்டார். ஷூவைக் கவிழ்த்தேன். ஒரு திருகாணி விழுந்தது. என் சுண்டுவிரல் நகம் நீளம். ஏதோ லிஃப்ட் அறையில் உள்ளே விழுந்திருக்கிறது. அதன்மேல் நாள் முழுக்க நடந்திருக்கிறார். ஏணி ஏறி இறங்கியிருக்கிறார்.

"வலிக்கலையா?"

"லேசா."

பொய். முகத்தைப் பார்த்தால் தெரியாதா? டெட்டாலை ஊற்றினேன். புண்ணில் டெட்டால் பட்டால் எருமைகூடக் காலை இழுத்துக்கொள்ளும். இவர் அசையவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் "ஸ்ஸ்" என்றார்.

"எத்தன நாளா?"

சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தார்.

"எத்தன நாளான்னு கேக்கறேன்ல!" பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"போன வருஷம் அக்டோபர்லேர்ந்து. மொதல்ல மரத்துப்போச்சு. அப்பறம்... கால் பெடல்ல இருக்கா, தரைல இருக்கான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். எவ்வளவு அமுக்கறேன்னு தெரியாது. வண்டி தானா பிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். அதனால இடது கால எப்பவும் பிரேக்லயே வெச்சுக்கிட்டேன். அந்தக் கால நம்பலாம்."

"சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா ஏணி ஏற விடுவாங்களா? வேல என்ன ஆகும்? இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"என் தம்பிய அந்தப் பேச்சுப் பேசினேனே, அப்பயாவது வாயத் தெறந்திருக்கலாமில்ல?"

அதற்குத்தான் தலையைக் குனிந்தார். கால் விஷயத்தை மறைத்ததற்குக் குனியவில்லை.

எட்டு மாதம். பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் தினமும் போகிறார். நான் பேட் விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கத்தட்டுமா, அழட்டுமா என்று தெரியாமல் புண்ணுக்குக் கட்டு போட்டேன். சாவி இப்போது என் கைப்பையில்.

ஜூன் 23, திங்கள்

நரம்பு டாக்டர். இவரைக் கண்ணை மூடச் சொல்லி, காலில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். இவர் "ஆமா", "ஆமா", "தெரியுது". டாக்டர் கையை எடுத்துவிட்டுச் சும்மாவே "இப்ப?" என்றார். "ஆமா" என்றார் இவர்.

என் அறையிலும் இப்படிச் சிலர் வருவார்கள். நான் சத்தமே அனுப்பியிருக்க மாட்டேன், பொத்தானை அமுக்குவார்கள். கேட்கவில்லை என்று சொல்ல அவ்வளவு பயம். அவர்களிடம் எத்தனை பொறுமையாக இருக்கிறேன். வீட்டில்?

இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் செய்ய வேண்டும். உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள் என்றார். கார் கூடாது. ஏணி கூடவே கூடாது.

வெளியே வந்ததும் இவர், "வண்டிக்கும் டிஸ்க், எனக்கும் டிஸ்க்" என்றார். எட்டு மாதத்துக்கு அப்புறம் ஒரு ஜோக். சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் விடுவதாக இல்லை.

ஜூன் 28, சனி

தம்பி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

அவன், "மாமா எப்படிக்கா இருக்காரு?" என்றுதான் முதலில் கேட்டான். பிறகு, "அன்னிக்கு நீ பேசினது எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல" என்றான். அதையும் கேட்டுக்கொண்டேன். கேட்க வேண்டியதுதானே.

ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறானாம்.

ஜூலை 9, புதன்

மூன்று மணி நேரம். முடிந்தது. முதுகில் ஆறு தையல். தம்பி வராந்தாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆறு வாரம். கால் இன்னும் தூங்குகிறது. பொறுங்கள் என்கிறார் டாக்டர். எல்லோரும் என்னைப் பொறு பொறு என்றுதான் சொல்கிறார்கள்.

ஆபீசில் இவருக்கு மேசை வேலை கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் எழுதி வருகிற அறிக்கைகளைச் சரிபார்க்கிறார். சம்பளம் குறையவில்லை. இதைச் சொல்லத்தானா எட்டு மாதம் பயந்தார்! கேட்டேன். "ஏணி ஏறாத இன்ஸ்பெக்டர் என்ன இன்ஸ்பெக்டர்" என்றார்.

காலையில் நான்தான் கொண்டுவிடுகிறேன். பக்கத்து சீட்டிலிருந்து ஓயாத பாடம். "சிக்னல் வருது... பாத்து... மிதி, மிதி!" இன்று ஓரமாக நிறுத்திவிட்டேன். "இன்னொரு வார்த்த பேசினா எறங்கி பஸ்ல போங்க" என்றேன். ஆபீஸ் வரை பேசவில்லை. இறங்கும்போது, "நல்லாத்தான் ஓட்டறே" என்றார், கதவைப் பார்த்து.

அக்டோபர் 5, ஞாயிறு

அடுப்படியில் இருந்தேன். உள்ளறையிலிருந்து "ஐயோ!" என்று ஒரு அலறல். விழுந்துவிட்டார் என்று கரண்டியோடு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டாராம்.

"எந்தக் காலு?" என்றேன்.

"உயிர் போகுது, எந்தக் காலாம்! பாத்தா தெரியல? வலது கா—"

நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பில் ஏதோ தீய்கிற வாடை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.