ஏலக்காய் இல்ல, கிராபிக்ஸ் கார்டு

மாமா,

நேத்து மதுரையில நீங்க வாங்கிட்டு வந்த கிராபிக்ஸ் கார்டு நம்ம கம்ப்யூட்டருக்கு ஆகாது. பவர் சப்ளை முந்நூறு வாட்டுதான், தனியா கரண்டு ஒயர் கேக்காத சின்னக் கார்டா வாங்குங்கன்னு எழுதியே குடுத்தேன்ல? பெருசா இருந்தா ஒசத்தின்னு எடுக்க அது என்ன ஏலக்காயா? ஏலத்துல ஒவ்வொரு காயையும் உள்ளங்கையில உருட்டிப் பாக்குற மனுசன், டப்பா மேல எழுதியிருக்குறதைப் பாக்க மாட்டீங்களா?

நாளைக்குக் கல்யாண ஆல்பம் குடுத்தாகணும். குரங்கணியில தம்பி வீட்டுக் கம்ப்யூட்டர்ல முடிக்கப் போறேன். நீங்க வெரசா பஸ்சு ஏறிக் கார்டை மாத்திட்டு வாங்க.

கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டே போங்க.

பொற்கொடி

சொல்ல மறந்துட்டேன். துவைக்க எடுத்த உங்க சட்டைப் பையில, நான் எழுதிக் குடுத்த சீட்டு மடிச்ச மடிப்பு கலையாம இருந்துச்சு. அதனாலதான் இதை மடிக்காம, குழம்புச் சட்டி மூடியில ஒட்டியிருக்கேன்.